கூண்டு எண் இல்லாத காற்று

இருபத்தெட்டாம் தேதிக்குள் மேலே போய்ச் சேர வேண்டுமாம்:
வரும் ஆண்டில் எந்தத் திசையிலிருந்து
என்ன மோசடி வரும் என்று
ஆறு பக்கத்துக்கு மிகாமல்.

ராமநாதபுரம் சைபர் பிரிவில் இந்நேரத்துக்கு
நானும் ஒரு பிரிண்டரும்தான்.
அதற்கும் மை இல்லை.

காலையில் பாலத்தில் பஸ் ஏறும்போது பார்த்தேன்,
பாம்பனில் மூன்றாம் எண் ஏற்றியிருந்தார்கள்.
கம்பத்தில் கறுப்பாகத் தொங்குவதைப் பார்த்துப்
படகைக் கட்டத் தெரிந்த ஊர்.
என்னிடம் அப்படியொரு கம்பம் இல்லை.
எக்செல் இருக்கிறது.

எழுதினேன்:
தடைக்கால நிவாரணம் வருவதற்கு நாலு நாள் முன்பே
அதை வாங்கித் தருகிற லிங்க் வரும்.
அதிலிருக்கும் அரசு முத்திரை
அசலைவிடத் தெளிவாக இருக்கும்.

படகைப் பிடித்துக்கொண்டுபோன இரவிலேயே
வக்கீல் என்று ஒருவர் பேசுவார்,
யாழ்ப்பாணத் தமிழில், மிகுந்த அனுதாபத்தோடு.
படகின் பதிவெண் சொல்வார்.
அதைச் செய்தியில் போட்டது நாம்தான்.

நோன்பின் கடைசிப் பத்தில் கீழக்கரைக்கு
துபாயிலிருக்கும் மகன்களின் குரல் வரும்.
போன வருடம் ஜுலைகா உம்மா தப்பித்தது
எங்கள் விழிப்புணர்வு நோட்டீஸால் அல்ல.
"எம் மவனுக்குத் திக்கும், இது திக்கலையே" என்று
போனை வைத்துவிட்டார்.
அடுத்த வருடம் திக்கும்
என்று எழுதினேன்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தி உண்டு:
அச்சுறுத்தலின் தோற்றுவாய்.
வழக்கமாக நிரப்புவது
'வெளிநாடு, அடையாளம் தெரியாதோர்'.

நாற்பத்தோராம் புகாரின் ஒலிப்பதிவு.
தங்கச்சிமடம் லூர்து சகாயராணி,
ஒரு லட்சத்து எண்பதாயிரம்,
பார்சலில் போதைப்பொருளாம், மும்பை போலீஸாம்.
இந்தியில் அதட்டுகிறான். ஆங்கிலத்தில் சட்டப்பிரிவு சொல்கிறான்.
பதினோராம் நிமிடம் அவள் அழுகிறாள்,
அவள் வீட்டு ஜன்னல் கதவு
காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது.
அவன் நிறுத்துகிறான்.
பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல,
தமிழில்:
"அங்க வாடை எடுத்துருச்சா?"

பின்னால் யாரோ மேசையைத் தட்டுகிற சத்தம்.
மறுபடியும் மும்பை.

ஏழு முறை கேட்டேன்.
வெளியூர்க்காரன் மழை வருகிறதா என்பான்,
குளிருகிறதா என்பான்.
காற்றைப் பெயர் சொல்லிக் கேட்கமாட்டான்.

இதே பீரோவில், கீழ்த்தட்டில், இன்னொரு கோப்பு.
மூக்கையூர் அருள் கிறிஸ்டோ, வயது இருபத்து மூன்று,
தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று போனவன்.
கடைசியாகப் பேசியது ஆகஸ்ட்.
அவன் அக்கா செவ்வாய்க்கிழமைகளில் வருகிறாள்,
மீன் விற்ற கையை வாசல் குழாயில் கழுவிவிட்டு
உள்ளே வந்து நிற்பாள்.
இந்தப் பதிவை நான் போட்டுக் காட்டவில்லை.
அவன்தான் என்பாள்.
அவள் சொல்வதை எப்படி எழுதுவது?
ஒரு குரலைக் கேட்டு ஆளை நம்பாதீர்கள் என்று
மூன்றாம் பக்கத்தில் எழுதியிருப்பது நான்.

வெளிநாடு என்று அடித்தேன். அழித்தேன்.
நம் கரை என்று அடித்தேன்.
அதை மேலே யாரும் ஏற்கமாட்டார்கள்.
பத்தி காலியாகவே போகட்டும்.

மணி பத்தே முக்கால். கடைசி பஸ் போயிருக்கும்.
பதிவை மறுபடி பதினோராம் நிமிடத்தில் நிறுத்தி
ஹெட்போனில் இருப்பவனிடம் சொல்கிறேன்:
எடுத்துருச்சு தம்பி.
இந்தத் தடவை கொஞ்சம் முந்தியே.