ஆலா இருந்த கட்டை

பகலில் நான் கலியாணங்களைத் துப்புரவாக்குபவள்.
திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, மருந்துக்கடைக்கு மேலே,
பகல் முழுக்க லைட் எரிகிற ஸ்டூடியோ.
தாலி கட்டும் கைக்குப் பின்னால்
கொட்டாவி விடுகிற சித்தப்பாவை
ஏழு நிமிடத்தில் இல்லாமல் செய்வேன்.
ஃபேன் வயர், குப்பைவாளி,
ஆல்பம் முடியுமுன் கோபித்துக்கொண்டு போன மைத்துனர்,
எல்லாம் ஒரே விலை.

ஞாயிறுகளில் பறவைகள்.
இரவில் அவற்றுக்கும் அதே மவுஸ், அதே தூரிகை.

கார்த்திகைக் கடைசி, அராலிப் பாலத்தடி.
மழை விட்ட பின்னேரம், தண்ணீர் தகர நிறம்.
சிறகுவலைக் கட்டையொன்றின் நுனியில் ஓர் ஆலா,
கொண்டை காற்றுக்குக் கலைந்தபடி
பதினொரு நிமிடம் எழும்பாமல் இருந்தது.
எனக்கு அப்படி வாய்ப்பதில்லை.
பைக் ஸ்டாண்டைத் தட்டினாலே பறந்துவிடும் சாதி.

வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி ஆறவிட்டு,
முதலில் அழித்தது
தூரத்தில் கலங்கித் தெரிந்த ஒரு மஞ்சள்.
முந்நூறு மடங்கு பெருப்பித்தால் அது சேட்,
இடுப்பளவு தண்ணீர், தூக்கிய ஒரு கை.
கண்ணை இழுத்தது. போய்விட்டது.
பிறகு மற்றக் கட்டைகள், கயிறு,
மிதப்புக்குக் கட்டிய எண்ணெய்க் கான்,
கல்லுண்டாய் வெளியிலிருந்து காற்றில் வந்த உரப்பை.
பறவையின் சிறகை வைத்துக்கொண்டு
வலையின் சிறகைத் துடைத்தேன்.
கண்ணில் இருந்த வெள்ளைப் புள்ளியை மட்டும் தொடவில்லை.
அது போனால் எந்தப் பறவையும் செத்ததுதான்.
கடைசியில் அந்தக் கட்டையும் பிடிக்காமல் போய்
சரசாலைப் படமொன்றிலிருந்து
கண்டல் கொப்பை வெட்டிக் கொண்டுவந்து
காலுக்குக் கீழே வைத்தேன்.
விடிய மூன்று மணி. அழகாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அதே பாலத்தடியில்
வலை உதறிக்கொண்டு நின்ற ஒருவர் கேட்டார்:
"பிள்ளை, அண்டைக்குப் படம் சரி வந்ததோ?
நான் அசைஞ்சா அது எழும்பிடும் எண்டு
வலை இழுக்காம நிண்டனான்.
பின்னால வந்தவனுக்கும் கை காட்டினனான்."

மஞ்சள் சேட் கொடியில் காயாமல் கிடந்ததோ என்னவோ,
இன்றைக்கு நீலம்.

ஃபோனைக் கொடுத்தேன்.
உப்புக் கையைச் சாரத்தில் துடைத்து வாங்கி
வெயிலுக்கு முதுகு காட்டிப் பார்த்தார்.
தன்னைத் தேடவில்லை.
"என்ர கட்டை எங்க?"
பிறகு, சிரிப்பு வரப் பார்க்க:
"ஆலா கொப்பில குந்தாது பிள்ளை.
தாராவுக்கு இருக்கிற மாதிரிச் சவ்வுக்கால்.
எப்பிடிப் பிடிக்கும்?"

பேர் யூலியஸ்.
பதினொரு நிமிடத்தில் எவ்வளவு றால் போயிருக்கும் என்று
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை.

இரவு கோப்பைத் திறந்தேன். ஒரு வாரமாய் மூடாத கோப்பு.
பின்னால் போகப் போக
கொப்பு போனது, கட்டை வந்தது,
உரப்பை வந்தது, எண்ணெய்க் கான்,
கயிறு ஒரு முழம்.
ஐம்பது படிக்கு மேல் இந்த மெசினுக்கு ஞாபகமில்லை.
முதல் அழித்தவர் ஐம்பதுக்கும் அங்கால் நிற்கிறார்.
கார்ட்டை வெள்ளிக்கிழமையே வழித்துவிட்டேன்,
சுதுமலைப் பெண்ணழைப்புக்கு.

இப்போது படத்தில்
ஆலா தன் கட்டையில் இருக்கிறது.
கயிறு பாதித் தண்ணீரில் அறுந்து நிற்கிறது,
மறுநுனியைப் பிடிக்க ஆள் இல்லாமல்.
அவர் நின்ற இடத்தில் என் தூரிகை பூசிய தண்ணீர்,
மற்றத் தண்ணீரை விடக் கொஞ்சம் வழுவழுப்பு.
தெரியாதவர்களுக்குத் தெரியாது.

காலையில் சுதுமலையிலிருந்து அழைப்பு:
"பொம்பிளைக்குப் பின்னால ஒரு மனிசன் நிக்கிறார்,
எடுத்துவிடேலுமோ?"
ஆர் அவர் என்று கேட்டேன்.
அங்கே கொஞ்ச நேரம் சத்தமில்லை.