ஈரப்பதப் பதிவேடு

காலை ஒன்பதரைக்கு எழுபத்தெட்டு.
மாலை நாலரைக்கு எண்பத்தொன்று.
நடுவில் நடந்ததை எழுத
இந்த நோட்டில் கட்டம் கிடையாது.

தோர்ன்டேல் மாளிகை, கோத்தகிரி.
பெரியவருக்கு இருபது, சிறியவருக்குப் பத்து,
கேமராவுக்கு ஐம்பது.
மஞ்சுக்கு மட்டும் டிக்கெட் இல்லை.
ஜன்னல் இடுக்கில் நுழைந்து
பியானோக் கட்டைகளை ஒவ்வொன்றாய் உப்பவைத்து
வந்த வழியே போய்விடுகிறது.
அது போன பிறகு நான் கருவியைப் பார்த்து
எண்ணை எழுதவேண்டும்.
வேலை அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு பேருக்குத் தட்டு.
எல்லாம் பசை போட்டு ஒட்டியது.
ஒட்டுவதற்கு முன்னால்
முள்கரண்டி ஒன்று காணாமல் போய்
மூன்று மாதம் எனக்குச் சம்பளப் பிடித்தம்.
துரை சட்டகத்துக்குள்ளிருந்து
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
வார்னிஷ் உரிந்து இப்போது
அவர் கண்ணோரம் பீளை கட்டியிருக்கிறது.

தோட்டத்தில் நாய்களுக்குக் கல்லறை:
ரஃபஸ், டாலி, குட்டி பென்.
உள்ளே சம்பளப் புத்தகம்.
கண்ணாடிக்கு அடியில் திறந்திருக்கும் பக்கத்தில்
தண்ணீர்க்காரன் இரண்டு, விறகுக்காரி ஒன்று.
அடுத்த பக்கத்தில் பெயர் இருக்கலாம்.
திருப்ப எனக்கு அனுமதி இல்லை.

சமையல்கட்டுச் சுவரில் ஏழு வெண்கல மணி,
மேலே ஏழு அறைகளுக்கு.
போன மாதம் சென்னையிலிருந்து ஆள் வந்து
கம்பியெல்லாம் மாற்றிக் கொடுத்தார்.
குழந்தைகள் இழுத்துப் பார்க்கலாம் என்று
அட்டையும் தொங்கவிட்டாயிற்று.

இன்று பதினொன்றே காலுக்கு
மாடிப் படுக்கையறையில் எவனோ ஒரு பையன்
கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு.

கீழே தைலம்மை
தூக்குச்சட்டியைத் திறந்து
உப்புமாவில் முதல் வாய் வைத்திருந்தாள்.
விருட்டென்று எழுந்தாள்.
கையை முந்தானையில் துடைத்தாயிற்று,
செருப்பைக் கழற்றியாயிற்று,
பின்படிக்கட்டில் மூன்று படி ஏறியுமாயிற்று.
நாலாவது படியில்தான் நின்றாள்.

அவள் பிறந்தது எண்பத்து மூன்றில்.
தேயிலைக் கொழுந்து நிறுத்த கை, வேறு எந்த வீட்டிலும்
வேலைக்கு நின்றதில்லை.
"யாரு சார் எழுந்தது?" என்று என்னைக் கேட்டாள்.
நான் மணியைப் பார்த்தேன்.
அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
மறுபடி அடித்தது.
மறுபடியும்.
பையனுக்கு ருசி கண்டுவிட்டது.

"வரமாட்டேன்னு எழுதிக்கங்க சார்"
என்றாள், வாய் நிறைய உப்புமாவோடு.

ஓரத்தில் எழுதிவைத்தேன்:
பதினொன்று பதினெட்டு. மணி அடித்தது. யாரும் போகவில்லை.

மாலை எண்பத்தொன்று என்பது
காலையிலேயே எழுதியது.
இன்னும் அளக்கவில்லை.