பின்னிருக்கை

அருவங்காட்டில் ஆடி மாதம்.
பட்டி பார்த்து மூன்று நாள்,
இன்னும் பிசுபிசுப்பு.
செட்டாப் பாக்ஸின் சூட்டில்
குப்புறக் கிடக்கிறது ஸ்பிட்ஃபயர்.

ஒற்றையாள் விமானம்.
விமானியின் முதுகுக்குப் பின்னால்
ரம்பப் பிளேடால் அறுத்து
இன்னோர் ஆளுக்கு இடம் செய்திருக்கிறேன்.
பிரஷர் மாத்திரை அட்டையின் குமிழ் ஒன்று
இரண்டாவது கண்ணாடிக் கூடு.

"பின்னால யாரு?"
சீரியலிலிருந்து கண்ணெடுக்காமல் பியூலா.
"சொல்லிக் குடுக்கிறவர்."
"அப்ப முன்னால இருக்கிறவனுக்கு
ஓட்டத் தெரியாதா?"

பதில் சொல்லாமல்
தோசை மாதிரி திருப்பிப் போட்டேன்.
சன்னல் இடுக்கில் மஞ்சு நுழைந்தது;
எழுபத்திரண்டில் ஒரு பங்கு உலகத்துக்கு
அது ஊரையே மூடும் மேகம்.
கரண்ட் போயிற்று.
பெட்டி ஆறத் தொடங்கியது.

டார்ச்சைப் பிடித்தாள்.
முன்னால் இருப்பவனை ஒட்டினேன்.
தலை கொஞ்சம் திரும்பிவிட்டது,
பின்னால் பார்க்கிறவன் போல.
இருக்கட்டும், என்றாள்.