ஓர் எழுத்து இரவல்

டோங்காட் நூலகத்தில் கணினிகள் நான்கு.
ஒன்றாம் எண் எப்போதும் பழுது.
இரண்டும் நான்கும் தேவலை.
மூன்றாம் எண்ணில் ‘ஈ’ இல்லை.

ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்து.
யாராவது பெயர்த்துக்கொண்டு போனார்களா,
தானே உதிர்ந்து துடைப்பத்தோடு போனதா, தெரியாது.
அந்த இடத்தில்
பல் விழுந்த ஈறு போல ஒரு சதுரம்.

ஆகவே வரிசையைப் பெயர் கேட்டுப் பிரிக்கிறேன்.
நாயுடுவா, பிள்ளையா, சுங்குவா? மூன்றுக்குப் போங்கள்.
கோவெண்டருக்கு இரண்டு ஈ. நில்லுங்கள்.
தோலைப் பார்த்து இருக்கை பிரித்த நாடு இது.
எழுத்தைப் பார்த்துப் பிரித்தவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புத்தகத்துக்குப் பதினான்கு நாள்,
இணையத்துக்கு நாற்பது நிமிடம்.
இருந்தும் வரிசை
வாசல் தாண்டி, இறைச்சிக் கடை வரை.
உதவித்தொகை, வேலை மனு, கல்லூரி இடம்,
விபத்தில் போன மகனின் சான்றிதழ்.
ஊரிலுள்ள அலுவலகமெல்லாம்
ஒரே பதிலைப் பாடமாக்கிவிட்டன:
ஆன்லைனில் போடுங்கள்.
சொல்ல ஒரு நொடி.
போட இரண்டு டாக்சி மாற வேண்டும்.

துலானி சுங்கு, ஹம்பனாதி.
பெயரிலும் ஊரிலும் ஓர் ஈ கிடையாது.
சிரித்தபடி மூன்றில் உட்கார்ந்தான்.
முன் அனுபவம் என்றொரு கட்டம் வந்தது.
இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதப் போனான்.
அந்தச் சொல்லின் கடைசி எழுத்து ஈ.
ஒன்றுமில்லை என்று சொல்லக்கூட
ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

தனலட்சுமி படையாச்சி வந்தது வியாழக்கிழமை.
பெயரின் வாலில் இரண்டு ஈ,
குடும்பப் பெயரின் வாலில் இரண்டு.
எந்தக் காலத்திலோ துறைமுகத்தில் ஓர் எழுத்தர்
காதில் விழுந்ததை எழுதி
தாராளமாக இழுத்துவிட்ட வால்கள்.
இரண்டாம் எண்ணில் உட்கார்ந்தார்.
ஏழு பக்கத்தில் ஆறாம் பக்கம்,
மின்வெட்டு.
திரை அணைந்ததும் அவர் கத்தவில்லை.
கைப்பையை மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறு வியாழன் வந்தபோது
காலியாக இருந்தது மூன்று.

அப்போதுதான் தோன்றியது.
என் மேசைக் கணினியில்
ஒரு கோப்பு திறந்து, ஒரே ஓர் எழுத்து தட்டி,
மூன்றாம் எண்ணின் திரையில் கொண்டுபோய் வைத்தேன்.
முழு வெள்ளைப் பக்கம், மூலையில் ஓர் ஈ.
இங்கே எடுங்கள், அங்கே ஒட்டுங்கள்.
தனலட்சுமி நான்கு முறை போனார், நான்கு முறை வந்தார்,
கிணற்றில் நீர் சேந்துபவரைப் போல.
ஏழாம் பக்கத்தில் பச்சை நிறத்தில்
ஒரு குறி விழுந்தது.

அன்று கூட்டம் வடிந்தபின்
யாரும் தொடாத தமிழ் அகராதியை இறக்கித் தூசி தட்டினேன்.
ஈ: பறக்கும் பூச்சி.
அதற்குக் கீழே,
ஈ: கொடு.

நாலரைக்குப் பூட்ட வேண்டும்.
விளக்கு, விசிறி, கணினி எல்லாம் அணைக்க வேண்டும்,
சுற்றறிக்கை அப்படி.
வைஃபை பெட்டியை மட்டும் மறந்துவிடுகிறேன்.
தினமும் மறப்பது சுலபமில்லை.
கவனமாக இருக்க வேண்டும்.
வெளியே மூன்றாவது ஜன்னல் வரைதான் அலை எட்டும்;
அந்தச் சுவரில்
முதுகுகள் தேய்த்த வழவழப்பு.

புதிய விசைப்பலகை கேட்ட மனுவுக்கு
ஆகஸ்டில் பதில் வந்தது, பலகையாகவே.
பொருத்தினேன். ஈ அதன் இடத்தில் இருந்தது,
இத்தனை நாள் எங்கும் போகாததைப் போல.

கோப்பை அழிக்கலாமென்று திறந்தேன்.
என் ஓர் எழுத்துக்குக் கீழே
யார் யாரோ விட்டுப்போன ஈக்கள், ஒரு மொய்ப்பு.
யாருடையதோ பாதித் தொலைபேசி எண்.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஜூலுவில் ஒரு சொல்:
ங்கியாபோங்கா.
நன்றி சொல்கிறேன் என்று பொருள்.

எழுத்தெண்ணிப் பார்த்தேன்.
அதில் ஓர் ஈ கூட இல்லை.