நொட்டாங்கை வளைவு

ஷுவைக்கில் டயர்க் கடைகளுக்குப் பின்னால் எங்கள் பட்டறை.
வெளியே நாற்பத்தேழு டிகிரி.
உள்ளே ஏசிக் காற்றில் காம்பவுண்டின் எண்ணெய் வாடை.
இன்று கறுப்பு யூக்கான்.
கறுப்பு வாங்குகிறவர்களுக்கு ஷோரூமில் பெருமை,
பெட்ரோல் பங்க் விளக்கடியில் மானக்கேடு.

பானெட்டின்மேல் விளக்கைப் பிடித்தேன்.
வட்டம் வட்டமாய், சிலந்தி குடியிருந்ததுபோல.
லெபனான்காரர் ஃபாதி நாக்கைச் சப்புக்கொட்டினார்:
"யார் இப்படிச் சுற்றிச் சுற்றித் தேய்த்தது?"

யாரும் சுற்றவில்லை.
கீறல்கள் கொட்டிய வைக்கோலாய்
எல்லாத் திசையிலும் கிடக்கின்றன;
விளக்கு, தன்னைச் சூழ்ந்து நிற்பவற்றை மட்டும்
எழுப்பிக் காட்டுகிறது.
விளக்கு நகர்ந்தால் வட்டமும் நகரும்.
நகர்த்திக் காட்டினேன்.
அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

நகராதவையும் இருந்தன.
பதினோரு வளைவுகள், முழங்கை நீளத்தில்,
எல்லாம் ஒரே பக்கம் விசிறியவை.
ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சின்ன வெட்டு,
காற்புள்ளி மாதிரி.

அந்தக் காற்புள்ளியை எனக்குத் தெரியும்.
நீலச் சீருடை, இடது மணிக்கட்டு,
மூடி கழன்ற அழுத்துப் பொத்தான்.
ஊசி நூல் கேட்டு இரண்டு வெள்ளிக்கிழமை ஆயிற்று.
பெட்டியில் இருக்கிறது, எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று
நான்தான்.

மாசிலாமணி. என் மேல்கட்டில்.
சோற்றுக்கு மட்டும் வலது, மற்றதெல்லாம் நொட்டாங்கை.
மூன்று மணிக்கு இறங்குவார், ஏணி கிரீச்சிடாமல்.
சால்மியாவில் ஒரு கட்டடம், இருபத்தாறு வண்டி,
வாளி ஒன்று.
காவலாள் குழாயைப் பூட்டிச் சாவியை
முடிந்துகொண்டு தூங்கப் போய்விடுவான்.
முதல் வண்டிக்குத் தண்ணீர்.
ஆறாவதுக்குக் குழம்பு.
கடைசி வண்டிக்கு, ஒளிப்பானேன், மணல்.
யூக்கான் எத்தனையாவது என்று
கதவைப் பார்த்தே சொல்வேன்.

ஃபாதி போனை வைத்தார்.
"பெயர் மட்டும் சொல். கட்டட ஆபீஸில் பேசிக்கொள்கிறேன்."
"பிரஷ் ஓடுகிற கழுவகம் சார். அங்கேதான் இப்படி விழும்."
"நான் போனதே இல்லையே."
"உங்களுக்கு விற்றவர் போயிருப்பார்."
விற்றவரை அவருக்கு ஏற்கனவே பிடிக்காது.
தலையாட்டினார்.

மீட்டரை வைத்தேன்: நூற்றுப் பதினெட்டு மைக்ரான்.
ஓரத்தில் எண்பத்தொன்பது. அங்கே நீல நாடா ஒட்டினேன்.
களிமண் கட்டியால் உருவி, துடைத்து,
ஆரஞ்சுப் பேட், பிறகு வெள்ளை.

கீறலை யாரும் நிரப்புவதில்லை.
சுற்றியிருக்கும் நல்ல இடத்தை எல்லாம்
கீறலின் அடிவரைக்கும் இறக்குகிறோம்,
அவ்வளவுதான் பாலிஷ்.
எண்பது தினார் கொடுத்து வண்டியின் தோலை
மெலிய வைத்துக்கொண்டு போகிறார்கள்
என்று சொன்னால் முதலாளி என்னை மெலிய வைப்பார்.

மாலைக்குள் பானெட்டில் என் முகம்,
மூக்கில் மாஸ்க் தழும்போடு.
பத்து வளைவு போயிற்று. பதினொன்றும் போயிற்று,
அதன் காற்புள்ளி தவிர.
நகத்தை வைத்தேன், தட்டியது.
நகம் தட்டினால் அதற்கடியில் நமக்கு வேலையில்லை.
விட்டுவிட்டேன். சின்னத்துக்குக் கீழே இருக்கிறது,
தேடினால் கிடைக்கும்.
ஃபாதி தேடவில்லை.
செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இரவு அறையில் எல்லாரும் தூங்கியபின்
ஏணியில் தொங்கிய சட்டையை எடுத்தேன்.
உடைந்த உலோகத்தைக் கத்தரித்துப் போட்டுவிட்டு
பிளாஸ்டிக் பொத்தான் வைத்துத் தைத்தேன்.
நீல நூல் இல்லை, கறுப்பு.
பட்டறையில் கழித்துப்போட்ட
மைக்ரோஃபைபர் துணி ஆறு, அலசிக் காயவைத்தவை,
அவர் செருப்பின்மேல் வைத்தேன்.

மூன்று மணி. ஏணி கிரீச்சிட்டது,
எழுப்பத்தான் கிரீச்சிட்டிருக்க வேண்டும்.
இருட்டில் துணியைத் தடவிப் பார்க்கிற சத்தம்.

"துணி பூ மாதிரி இருக்கு," என்றார்.
"வாளி ஒண்ணுதானே தம்பி."