குழியில் நின்றவன்

இஸ்த்மியாவில்
ஓடியவர்களின் காலடி ஒன்றுகூட மிச்சமில்லை.
ஓடவிட்டவன் நின்ற குழி
அப்படியே இருக்கிறது.

இடுப்பளவு ஆழம்.
அதன் விளிம்பிலிருந்து விசிறி மடிப்பாய்ப் பிரிகின்றன
கல்லில் கீறிய கோடுகள். பதினாறு.
கோட்டுக்கு ஒரு கயிறு,
கயிற்று முனையில் ஒரு மரத்தடை,
தடைக்குப் பின்னால்
எண்ணெய் பூசிய ஒருவன், மூச்சை அடக்கிக்கொண்டு.
குழியில் நின்றவன் கையை விட்டால்
பதினாறு தடையும் ஒன்றாக விழவேண்டும்.

"எங்கே விழுந்திருக்கும்" என்கிறாள் அர்கிரோ.
இந்த இடத்தின் காவலாளி;
தொப்பியில் ஏதோ பெயின்ட் கம்பெனியின் பெயர்.
"கடற்காற்றில் கயிறு ஊதும்.
ஒன்று முந்தும், ஒன்று சிக்கும்.
அடிதடி ஆகியிருக்கும்.
கயிறு திரிக்கிறேன் என்று நினைக்காதே,
நீயே இறங்கிப் பார்."
இறங்கக்கூடாது என்ற பலகைக்கு
முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.
என் உள்ளங்கையில் ஒரு பிடி பிஸ்தா.
"தோலைக் கீழே போடாதே. அபராதம்."

முந்திப் பாய்ந்தவனுக்கு அந்தக் காலத்தில் பிரம்படி.
அர்கிரோவுக்குப் பதினேழு வயதில்
கொரிந்த் மைதானத்தில்
ஒரு சிவப்பு அட்டையோடு போயிற்று.
துப்பாக்கி வெடிக்கவில்லை,
பக்கத்துத் தடத்துக்காரி தும்மியிருக்கிறாள்.
"எட்டு எட்டுதான் வைத்தேன்.
அதைப்போல அப்புறம் ஓடவேயில்லை."
சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.
வென்றவன் தலையில் சூட்டிய பைன் மரம்
இன்றும் ஊசி உதிர்க்கிறது,
குழிக்குள்ளும் குழிக்கு வெளியேயும்.

லூத்ராக்கியிலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து.
இறங்கியவர்கள் பதினொரு பேர்,
மற்றவர்களுக்குத் தூக்கம்.
ஆளுக்கொரு கோட்டின் முனையில்
கேட்காமலே போய் நின்றார்கள்.
நான் குழியில் குந்தினேன்.
கண்ணுக்கு நேரே முழங்கால்கள்:
சிராய்ப்பு, அயோடின் கறை, வழுக்கிய காலுறை.
இங்கிருந்து பார்த்தால்
யார் ஜெயித்தார் என்று தெரியாது.
கிளம்புவது மட்டும் தெரியும்.

இல்லாத கயிறுகளைப் பிடித்து
கையை உயர்த்தினேன்.
விடத்தான் மனம் வரவில்லை.

அர்கிரோவின் போன் அடித்தது. அவள் புருஷன்,
கால்வாய்ப் பாலத்தை இயக்குகிறவன்.
கப்பல் வருகிறதாம்,
பாலம் தண்ணீருக்குள் இறங்கப் போகிறதாம்.
இப்போதே போனால் அக்கரை,
இல்லையென்றால் முக்கால் மணி நேரம்.

அதற்குள் பத்துப் பேர் ஓடிவிட்டார்கள்
என் கையைச் சட்டைசெய்யாமல்.
தூரத்தில் யாரோ விழுந்து, யாரோ சிரித்து,
ஆசிரியை கத்திக்கொண்டு பின்னால்.

மெல்போ மட்டும் நின்றாள்.
ஷூ நாடாவின் முடிச்சோடு மல்லுக்கட்டி,
ஒருவழியாய் இழுத்துக் கட்டி,
நிமிர்ந்து,
கோட்டின்மேல் கால்விரலை வைத்தாள்.
மற்றவர்கள் போன பக்கம் திரும்பவில்லை.
என் கையையே பார்த்தாள்.

மூடிய கைக்குள்
பிஸ்தாவின் ஓடு.

விரித்தேன்.

ஓடு.