மற்றவை

பள்ளத்தூரில் எங்கள் சுவர்கள் இரண்டு முழக் கனம்.
வைஃபை உள்ளே வராது.
ஆகவே ஒப்பியல் குடும்பச் சட்டத்தை
இரண்டாங்கட்டில், ஆட்டுக்கல்மேல் மடிக்கணினி வைத்துப் படிக்கிறேன்.
ஒல்லாந்தில் இரவு ஒன்பது என்றால்
எனக்கு ஒன்றரை.
பதினொரு புள்ளிக்குப் பொதுவான வீட்டில்
விழித்திருப்பது நானும் ஒரு பல்லியும்.

அன்றைய பாடம் தத்து.
லியோன்காரி சொன்னாள், எங்களிடம் இரண்டு வகை:
பழைய வீட்டை அறுத்துவிடுவது,
இரண்டு வீட்டையும் வைத்துக்கொள்வது.
மராக்கேஷ்காரர் சொன்னார், சோறு போடலாம், படிக்க வைக்கலாம்,
வம்சத்தை மட்டும் கொடுக்க முடியாது.
ஒசாகாவில் முப்பது வயது மேனேஜரைப்
பிள்ளையாக எடுப்பார்களாம், கடைக்காக.
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எங்கள் பக்கம் அது
காப்பி ஆறுவதற்குள் பேசி முடிக்கிற சமாசாரம்.

என் முறை வந்தது.
ஐம்பத்தாறாம் வருடச் சட்டம், பன்னிரண்டாம் பிரிவு:
பெற்ற வீட்டோடு எல்லா உறவும் அற்றுப்போகும்.
ஆனால் அங்கே யாரைக் கட்டக்கூடாதோ
அவரை இனிமேலும் கட்டக்கூடாது.
பேராசிரியை மறுபடி படிக்கச் சொன்னார்.
அதாவது, என்றேன்,
ரத்தத்தைச் சட்டம்
தடுப்பதற்கு மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது.
நல்ல வாக்கியம் என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

வயிரவனைப் பற்றிச் சொல்லவில்லை.
ஒன்பது வயதில் அடுத்த தெருவிலிருந்து இந்த வீட்டுக்கு,
மஞ்சள் நீர் கரைத்து, பங்காளிகள் கையெழுத்துப் போட,
சி. வயிரவன் லெ. வயிரவனாக வந்தவன்.
மறுநாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது
இரண்டு தடவை கை தூக்காமல் இருந்தானாம்.
அன்றிலிருந்து பெற்றவள் சின்னாத்தா.
அவளும் லேசுப்பட்டவள் இல்லை.
படைப்பு வீட்டில் பங்காளிப் பிள்ளைகளுக்கு
எண்ணி இரண்டு கந்தரப்பம்,
அவனுக்கும் எண்ணி இரண்டு.
மூன்றாவது வைத்தால்
எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும்.

ஒன்றே முக்காலுக்கு போன்.
பதினான்கு நாடு பார்த்துக்கொண்டிருக்க
என் முதுகுக்குப் பின்னால்
சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடினான் வயிரவன்.
சிகப்பி ஆச்சி வளவுப் படியில் விழுந்துவிட்டாள்.

காரைக்குடி ஆஸ்பத்திரி.
கம்ப்யூட்டர் முன்னால் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண்.
பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?
அவன் என்னைப் பார்த்தான்.
என்னிடம் நான்கு நாட்டு விடை இருந்தது,
ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

ஸ்ட்ரெச்சரிலிருந்து சின்னாத்தாதான் சொன்னாள்,
இடுப்பெலும்பு முறிந்த குரலில்:
பங்காளி வீடுன்னு போடச் சொல்லு.

பங்காளி இதுல இல்லீங்க.
மகன், மகள், கணவர், மனைவி,
அப்புறம் மற்றவை. அவ்வளவுதான்.

மகன்னு போட்டுறவா, என்றாள் அந்தப் பெண், நல்ல மனசோடு.
வேண்டாம் என்றாள் சின்னாத்தா.
குடுத்தாச்சு.

மற்றவை.
டிக் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

கேண்டீனில் ஆடை கட்டிய டீயை
அவன் குடிக்கவில்லை, நான் இரண்டையும் குடித்தேன்.
சட்டம் படிக்கிறவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று
அவனும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்த டாக்டர்
எந்தப் படிவத்தையும் பார்க்காமல் கேட்டார்:
சிகப்பியம்மா பையன் யாரு?

எழுந்தான்.
உட்கார்ந்தான்.
மறுபடி எழுந்து நடந்தபோதுதான் பார்த்தேன்,
இருட்டில் மாட்டிக்கொண்டு வந்த செருப்பில்
ஒன்று அவனுடையது,
ஒன்று என்னுடையது.